பாகிஸ்தான் கிரிக்கெட் அணி: மொழித் தடையும் பயிற்சியாளர் பூசல்களும்

பாகிஸ்தான் ஆண்கள் கிரிக்கெட் அணி 1992இல் ஒருநாள் உலகக்கோப்பையையும், 2009இல் இருபது ஓவர் உலகக்கோப்பையையும், 2017இல் சாம்பியன்ஸ் கோப்பையையும் வென்ற அணி. அதே அணி பயிற்சியாளர்களை அடிக்கடி மாற்றும் அணியாகவும் அறியப்படுகிறது. இங்கிலாந்து, ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா, நியூசிலாந்து ஆகிய நாடுகளிலிருந்து வந்த பயிற்சியாளர்கள் பலர் ஒப்பந்தக் காலம் முடியும் முன்பே விலகினர் அல்லது விலக்கப்பட்டனர். இதற்குக் காரணமாக அடிக்கடி சொல்லப்படுவது மொழித் தடை. வீரர்களுக்கு ஆங்கிலம் சரளமாக வராது, பயிற்சியாளருக்கு உருது தெரியாது, ஆகவே ஒருவரையொருவர் புரிந்துகொள்ள முடியவில்லை என்பது அந்த விளக்கம். இந்த விளக்கம் எந்த அளவுக்கு உண்மை என்பதை அணியின் வரலாற்றிலிருந்து இக்கட்டுரை ஆராய்கிறது.

பல மொழிகளின் அணி

பாகிஸ்தானின் தேசிய மொழி உருது. ஆனால் அதைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் குறைவு. 2017ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மக்களில் ஏறத்தாழ 39 விழுக்காட்டினர் பஞ்சாபியையும், 18 விழுக்காட்டினர் பஷ்தோவையும், 14 விழுக்காட்டுக்குச் சற்று அதிகமானோர் சிந்தியையும், 12 விழுக்காட்டினர் சராய்க்கியையும் தாய்மொழியாகக் கொண்டவர்கள். உருதுவைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் ஏறத்தாழ 7 விழுக்காட்டினர் மட்டுமே. ஆங்கிலம் அரசு அலுவலகங்களிலும் நீதிமன்றங்களிலும் வசதியானோர் படிக்கும் பள்ளிகளிலும் வழங்கும் மொழி.

எனவே ஒரு வெளிநாட்டுப் பயிற்சியாளர் வருவதற்கு முன்பே அணியின் ஓய்வறையில் பல மொழிகள் இருந்தன. லாகூரைச் சேர்ந்தவர்கள் பஞ்சாபியிலும், பெஷாவர், மர்தான் பகுதியினர் பஷ்தோவிலும் தமக்குள் பேசிக்கொண்டனர். எல்லோருக்கும் பொதுவான மொழியாக உருது இருந்தது. ஆங்கிலம் இவற்றுக்கு மேலே, படிப்பையும் சமூக நிலையையும் காட்டும் அடையாளமாக நின்றது.

பாகிஸ்தான் டெஸ்ட் தகுதி பெற்றது 1952 ஜூலையில். அதே ஆண்டு பிப்ரவரி 21 அன்று டாக்காவில், வங்க மொழிக்கு உரிமை கேட்டுப் போராடிய மாணவர்கள் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் இறந்தனர். மொழிப் பிளவு நாட்டின் தொடக்கத்திலேயே இருந்தது, அது அணியிலும் தெரிந்தது. கிழக்குப் பாகிஸ்தான் 1971இல் வங்கதேசமாகப் பிரியும் வரை, அப்பகுதியின் வங்காளிகளில் ஒருவருக்கும் பாகிஸ்தானுக்காக டெஸ்ட் ஆட்டம் ஆடும் வாய்ப்புக் கிடைக்கவில்லை.

தொடக்க கால அணித்தலைவர்களில் ஆங்கிலக் கல்வி பெற்றவர்களின் செல்வாக்கு அதிகம். முதல் அணித்தலைவர் அப்துல் ஹபீஸ் கர்தார் ஆக்ஸ்போர்டில் படித்தவர். பின்னர் அணித்தலைவரான ஜாவேத் புர்கியும் இம்ரான் கானும் அவ்வாறே. இவர்களால் வெளிநாட்டு நிர்வாகிகளிடமும் நடுவர்களிடமும் செய்தியாளர்களிடமும் தயக்கமின்றிப் பேச முடிந்தது. தெருவிலும் உள்ளூர் மன்றங்களிலும் ஆடி மேலே வந்த வீரர்களுக்கும் இவர்களுக்கும் இடையே இருந்த தூரத்தில் மொழியும் ஒரு பகுதி.

பயிற்சியாளர் பதவிக்கு முன்பே இருந்த பூசல்

முழுநேரப் பயிற்சியாளர் என்ற பதவி கிரிக்கெட்டில் வலுப்பெற்றது 1990களில்தான். அதற்கு முன்பு அணியுடன் சென்றவர் மேலாளர். 1992 உலகக்கோப்பையை வென்ற அணிக்கு இன்திகாப் ஆலம் மேலாளராக இருந்தார். ஆட்டம் பற்றிய முடிவுகள் பெரும்பாலும் அணித்தலைவர் கையில் இருந்தன.

அந்தக் காலத்திலும் பூசல்கள் குறையவில்லை. 1982இல் இலங்கை அணி பாகிஸ்தானுக்கு வந்தபோது, ஜாவேத் மியான்தத்தின் தலைமையில் ஆட மூத்த வீரர்கள் பலர் மறுத்தனர். இறுதியில் மியான்தத் பதவியை விட்டுக்கொடுக்க, இங்கிலாந்துச் சுற்றுப்பயணத்துக்கு இம்ரான் கான் அணித்தலைவரானார். 1990களின் தொடக்கத்தில் வாசிம் அக்ரமின் தலைமைக்கு எதிராகவும் இதே போன்ற எதிர்ப்பு எழுந்தது. பின்னாளில் பயிற்சியாளரான மியான்தத், 1999 உலகக்கோப்பை தொடங்கச் சில வாரங்களே இருந்த நிலையில் விலகினார். இவை அனைத்தும் ஒரே மொழியைப் பேசியவர்களுக்கு இடையே நடந்தவை.

ரிச்சர்ட் பைபஸ் 1999க்கும் 2003க்கும் இடையே ஒன்றுக்கு மேற்பட்ட முறை பொறுப்பேற்றார். வெளிநாட்டுப் பயிற்சியாளர் என்ற ஏற்பாடு அவருடைய காலத்தில்தான் பாகிஸ்தானுக்குப் பழக்கமானது.

பாப் வூல்மர், 2004–2007

2004இல் இந்திய அணி பாகிஸ்தானுக்குச் சென்று டெஸ்ட் தொடரையும் ஒருநாள் தொடரையும் வென்றது. அதன் பின் மியான்தத் நீக்கப்பட்டு பாப் வூல்மர் நியமிக்கப்பட்டார். வூல்மர் 1948இல் கான்பூரில் பிறந்தவர், இங்கிலாந்துக்காக 19 டெஸ்ட் ஆட்டங்கள் ஆடியவர், தென்னாப்பிரிக்க அணியின் பயிற்சியாளராக 1994 முதல் 1999 வரை இருந்தவர். கணினியையும் காணொளியையும் பயிற்சியில் பயன்படுத்துவதில் முன்னோடி.

அணித்தலைவர் இன்சமாம் உல் ஹக் முல்தானைச் சேர்ந்தவர். ஆங்கிலத்தில் நீண்ட நேரம் பேசுவது அவருக்கு இயல்பானதல்ல. இறைவனுக்கு நன்றி கூறித் தொடங்கி, ஒரே மாதிரியான சில சொற்களில் முடியும் அவருடைய பரிசளிப்பு விழாப் பேச்சுகளைப் பலர் கேலி செய்தனர். அந்தக் கேலி ஓர் உண்மையை மறைத்தது. டெஸ்ட் ஆட்டங்களில் 8,000 ஓட்டங்களுக்கு மேல் எடுத்த ஒருவருக்கு ஆட்டத்தைப் பற்றிச் சொல்ல ஏதுமில்லை என்பதல்ல. சொல்ல வேண்டியதை அவர் தமக்குப் பழக்கமில்லாத மொழியில் சொல்ல வேண்டியிருந்தது.

இந்த இடைவெளி இருந்தும் அணி வென்றது. 2005இல் இந்தியாவில் டெஸ்ட் தொடரைச் சமன் செய்தது. அதே ஆண்டு இறுதியில், ஆஷஸ் தொடரை வென்ற சில மாதங்களில் வந்த இங்கிலாந்தை 2–0 எனத் தோற்கடித்தது. 2006இல் இந்தியாவை 1–0 என வென்றது. கிரிக்கெட்டின் தொழில்நுட்பச் சொற்கள் எல்லா மொழிகளிலும் ஏறத்தாழ ஒன்றே என்பது இதற்கு ஒரு காரணம். லைன், லெங்த், கவர், பாயிண்ட், யார்க்கர் போன்றவற்றை உருது பேசும் வீரரும் அப்படியேதான் சொல்கிறார். மணிக்கட்டு எங்கே இருக்க வேண்டும், முன்கால் எங்கே விழ வேண்டும் என்பதைக் கையாலும் உடலாலும் காட்டிவிடலாம்.

காட்ட முடியாதவை வேறு. அணியிலிருந்து ஏன் நீக்கப்பட்டாய் என்பது, காயம் இருந்தும் சொல்லத் தயங்கும் வீரரின் அச்சம், பயிற்சியாளரின் திட்டம் தவறு என்று அணித்தலைவர் கருதும் இடம் ஆகியவற்றுக்குச் சொற்கள் தேவை. இவ்வகைப் பேச்சில் மொழிபெயர்ப்பாளர் ஒருவர் தேவைப்படுகிறார். பெரும்பாலும் அவர் ஒரு மூத்த வீரராகவோ உள்நாட்டுத் துணைப் பயிற்சியாளராகவோ இருப்பார். அவர் எதைச் சொல்கிறார், எதை விட்டுவிடுகிறார் என்பது பயிற்சியாளருக்கும் தெரியாது, இளம் வீரருக்கும் தெரியாது. மொழி தெரிந்தவரிடம் அதிகாரம் சேர்வது இப்படித்தான்.

2006 ஆகஸ்ட் 20 அன்று லண்டன் ஓவல் மைதானத்தில், பந்தைச் சேதப்படுத்தியதாக நடுவர்கள் பாகிஸ்தானுக்கு ஐந்து ஓட்டங்கள் அபராதம் விதித்தனர். தேநீர் இடைவேளைக்குப் பின் அணி உரிய நேரத்தில் களத்துக்கு வரவில்லை. ஆட்டம் இங்கிலாந்துக்கு வழங்கப்பட்டது. டெஸ்ட் வரலாற்றில் அணி ஒன்று ஆட்டத்தைக் கைவிட்டதாக அறிவிக்கப்பட்டது அதுவே முதல் முறை. அன்று ஓய்வறையில் அணித்தலைவர், பயிற்சியாளர், வாரியத் தலைவர் ஷஹரியார் கான் ஆகிய மூவரும் இருந்தனர். இறுதி முடிவு யாருடையது என்பது தெளிவாக இல்லாத நிர்வாக முறையின் விளைவை அந்த நாள் காட்டியது. பின்னர் நடந்த விசாரணையில் பந்தைச் சேதப்படுத்திய குற்றச்சாட்டிலிருந்து இன்சமாம் விடுவிக்கப்பட்டார். ஆட்டத்துக்கு அவப்பெயர் ஏற்படுத்தியதற்காக நான்கு ஒருநாள் ஆட்டங்களில் ஆடத் தடை பெற்றார்.

2007 மார்ச் 17 அன்று ஜமைக்காவின் கிங்ஸ்டனில் பாகிஸ்தான் 132 ஓட்டங்களுக்குள் சுருண்டு அயர்லாந்திடம் தோற்று உலகக்கோப்பையிலிருந்து வெளியேறியது. மறுநாள் காலை வூல்மர் விடுதி அறையில் மயங்கிக் கிடக்கக் காணப்பட்டார், அன்றே இறந்தார். ஜமைக்கா காவல்துறை அதைக் கொலை என்று அறிவித்து வீரர்களின் கைரேகைகளைப் பதிவு செய்தது. அணிக்குள் இருந்த கருத்து வேறுபாடுகள் எல்லாம் அந்த நாட்களில் சந்தேகத்துக்கான காரணங்களாக உலகச் செய்திகளில் பேசப்பட்டன. ஜூன் மாதம் அது இயற்கை மரணம் என்று காவல்துறை அறிவித்தது. நவம்பரில் விசாரணை நடுவர் குழு மரணத்தின் காரணத்தை முடிவு செய்யாமல் விட்டது. தோல்வியின் துயரத்தோடு பயிற்சியாளரையும் இழந்த வீரர்கள், தமக்கு அன்னியமான மொழியில் உலகுக்கு விளக்கம் அளிக்க வேண்டிய நிலைக்கு ஆளாயினர்.

ஒரே மொழி, அதே பூசல்

வூல்மருக்குப் பின் ஆஸ்திரேலியரான ஜெஃப் லாசன் வந்தார். அவருடைய காலத்தில் 2007 இருபது ஓவர் உலகக்கோப்பையின் இறுதி ஆட்டம் வரை அணி சென்றது. 2008 அக்டோபரில் வாரியத் தலைமை மாறியதும் அவர் நீக்கப்பட்டு, இன்திகாப் ஆலம் பயிற்சியாளரானார். 2009 ஜூனில் யூனிஸ் கான் தலைமையில் அணி இருபது ஓவர் உலகக்கோப்பையை வென்றது. மொழிச் சிக்கல் தீர்ந்தது, வெற்றியும் வந்தது என்று அப்போது தோன்றியிருக்கலாம்.

ஆனால் அடுத்த சில மாதங்களில் அணி உடைந்தது. யூனிஸ் கானின் தலைமைக்கு எதிர்ப்பு எழுந்தது. 2009–10 ஆஸ்திரேலியச் சுற்றுப்பயணத்தில் எல்லா ஆட்டங்களிலும் தோல்வி. 2010 மார்ச்சில் வாரியம் யூனிஸ் கான், முகமது யூசுஃப் ஆகியோர் தேசிய அணிக்கு ஆடக் காலவரையறையின்றித் தடை விதித்தது. சோயிப் மாலிக், ராணா நவீத் ஆகியோருக்கு ஓராண்டுத் தடை. தடைகள் பின்னர் விலக்கப்பட்டன.

2011இல் பயிற்சியாளர் வக்கார் யூனிஸுக்கும் ஒருநாள் அணித்தலைவர் ஷாகித் அஃப்ரிதிக்கும் இடையே மோதல் முற்றியது. அணித் தேர்வில் பயிற்சியாளர் தலையிடுவதாக அஃப்ரிதி வெளிப்படையாகப் பேசினார். தலைமைப் பதவியை இழந்தார், ஓய்வை அறிவித்தார், நீதிமன்றத்தை நாடினார், பின்பு வழக்கைத் திரும்பப் பெற்று அபராதம் கட்டினார். அதே ஆண்டு வக்காரும் விலகினார். இருவரும் மீண்டும் 2016 இருபது ஓவர் உலகக்கோப்பையில் பயிற்சியாளரும் அணித்தலைவருமாக இணைந்தனர். தோல்விக்குப் பின் வாரியத்துக்கு வக்கார் அளித்த அறிக்கை ஊடகங்களுக்குக் கசிந்தது. ஏப்ரல் தொடக்கத்தில் அஃப்ரிதி தலைமையையும் அடுத்த நாள் வக்கார் பயிற்சியாளர் பதவியையும் துறந்தனர். இருவருக்கும் உருது நன்கு தெரியும். மொழிபெயர்ப்பாளர் தேவைப்படவில்லை.

ஒரு சொல்லும் ஒரு கோணமும்

மொழித் தடை வெறும் சாக்கு என்று இதிலிருந்து முடிவு செய்வதும் தவறு. 2012 பிப்ரவரியில், அன்று டெஸ்ட் தரவரிசையில் முதலிடத்தில் இருந்த இங்கிலாந்தைப் பாகிஸ்தான் ஐக்கிய அரபு அமீரகத்தில் 3–0 என வென்றது. சயீத் அஜ்மல் மூன்று ஆட்டங்களில் 24 விக்கெட்டுகள் எடுத்தார். தொடர் முடிந்ததும் பிபிசிக்கு ஆங்கிலத்தில் பேட்டியளித்தபோது, தம் கையின் நிலை காரணமாக 23 டிகிரிக்கு மேல் தமக்கு அனுமதி இருப்பதாகப் பொருள்படும்படி சொல்லிவிட்டார். பந்துவீசும்போது முழங்கை நீள அனுமதிக்கப்பட்ட அளவு 15 டிகிரி. அஜ்மல் தம் வாயாலேயே ஒப்புக்கொண்டார் என்று செய்தி பரவியது.

யாருக்கும் தனிச் சலுகை இல்லை, எல்லோருக்கும் 15 டிகிரிதான் என்று பன்னாட்டு கிரிக்கெட் கவுன்சில் விளக்கம் தர வேண்டியிருந்தது. கை இயல்பாக வளைந்திருக்கும் கோணம் ஒன்று, வீசும்போது அது நீளும் அளவு வேறொன்று. இந்த வேறுபாட்டைத் தாய்மொழியில் சொல்வதே எளிதல்ல. வேறு மொழியில், நேரலையில், ஒரு தவறான சொல் ஒருவரின் தொழிலையே ஐயத்துக்கு உள்ளாக்கியது. 2014இல் நடந்த சோதனையில் அஜ்மலின் பந்துவீச்சு வரம்பை மீறுவதாகக் கண்டறியப்பட்டுத் தடை செய்யப்பட்டது என்பது தனி நிகழ்வு. அது அளவீட்டின் முடிவு. 2012இல் எழுந்த புயல் ஒரு பேட்டியின் விளைவு.

இங்கிலாந்தை 3–0 என வென்ற அந்த அணியின் இடைக்காலப் பயிற்சியாளர் மொஹ்சின் கான். அடுத்த மாதமே அவருக்குப் பதிலாக டேவ் வாட்மோர் நியமிக்கப்பட்டார். கொழும்பில் பிறந்து ஆஸ்திரேலியாவுக்கு ஆடியவர், 1996இல் இலங்கைக்கு உலகக்கோப்பை பெற்றுத்தந்த பயிற்சியாளர் என்ற பெருமை வாட்மோருக்கு இருந்தது. ஆனால் வெற்றி பெற்றும் உள்ளூர்ப் பயிற்சியாளர் பதவியில் நீடிக்க முடியவில்லை என்பதை வீரர்கள் கண்டனர்.

மிக்கி ஆர்தரும் உமர் அக்மலும்

தென்னாப்பிரிக்கரான மிக்கி ஆர்தர் 2016 மே மாதம் பொறுப்பேற்றார். அந்த ஆண்டு ஆகஸ்டில் மிஸ்பா உல் ஹக் தலைமையில் அணி டெஸ்ட் தரவரிசையில் முதலிடம் பெற்றது. 2017 ஜூன் 18 அன்று சர்ஃபராஸ் அகமது தலைமையில், இந்தியாவை 180 ஓட்டங்களில் வென்று சாம்பியன்ஸ் கோப்பையைக் கைப்பற்றியது. சர்ஃபராஸ் களத்தில் உருதுவில் உரக்கக் கட்டளையிடுபவர். வெளிநாட்டுப் பயிற்சியாளரும் உருது பேசும் தலைவரும் இணைந்து வெல்ல முடியும் என்பதற்கு இது சான்று.

அதே தொடருக்கு முன்பு உடற்தகுதிச் சோதனையில் தேறாததால் உமர் அக்மல் இங்கிலாந்திலிருந்து திருப்பி அனுப்பப்பட்டிருந்தார். ஆகஸ்டில் அவர் செய்தியாளர்களைக் கூட்டி, லாகூர் தேசிய கிரிக்கெட் அகாதமியில் ஆர்தர் தம்மைத் தகாத சொற்களால் திட்டியதாகக் குற்றம் சாட்டினார். கண்டித்தது உண்மை, திட்டவில்லை என்றார் ஆர்தர். வாரியம் விசாரித்து, பொதுவெளியில் பேசியதற்காக உமர் அக்மலுக்கு மூன்று ஆட்டத் தடையும் 10 லட்சம் ரூபாய் அபராதமும் விதித்தது. கண்டிப்புக்கும் வசைக்கும் உள்ள எல்லை ஒவ்வொரு பண்பாட்டிலும் வேறு. பலர் முன்னிலையில் சொல்லப்படும் கடுஞ்சொல் ஓரிடத்தில் வழக்கமான கண்டிப்பு, இன்னோரிடத்தில் மானக்கேடு. அகராதியால் இந்த இடைவெளியை நிரப்ப முடியாது.

ஆனால் ஆர்தரின் முந்தைய அனுபவத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2013 மார்ச்சில் அவர் ஆஸ்திரேலிய அணியின் பயிற்சியாளராக இந்தியாவில் இருந்தபோது, அணியின் மேம்பாட்டுக்கான கருத்துகளை எழுதித் தராத நான்கு வீரர்களை மொகாலி டெஸ்ட்டிலிருந்து விலக்கினார். அது பெரும் சர்ச்சையானது. மூன்று மாதங்களில் ஆஸ்திரேலியா அவரை நீக்கியது. அங்கே பயிற்சியாளரும் வீரர்களும் பேசியது ஒரே மொழி, ஆங்கிலம்.

2019 உலகக்கோப்பைக்குப் பின் ஆர்தரின் ஒப்பந்தம் நீட்டிக்கப்படவில்லை. அந்த முடிவுக்குப் பரிந்துரைத்த குழுவில் இருந்த மிஸ்பாவே அடுத்த தலைமைப் பயிற்சியாளரும் தேர்வுக்குழுத் தலைவரும் ஆனார். 2020 டிசம்பரில் முகமது ஆமிர், மிஸ்பாவும் வக்காரும் அடங்கிய நிர்வாகம் தமக்கு மன உளைச்சல் தருவதாகக் கூறி ஓய்வு அறிவித்தார். 2021 செப்டம்பரில், உலகக்கோப்பை தொடங்கும் முன், மிஸ்பாவும் வக்காரும் ஒன்றாக விலகினர்.

2024: இரு பயிற்சியாளர்கள், எட்டு மாதங்கள்

2024 ஏப்ரலில் வாரியம் ஒருநாள், இருபது ஓவர் அணிகளுக்கு கேரி கிர்ஸ்டனையும், டெஸ்ட் அணிக்கு ஜேசன் கில்லெஸ்பியையும் நியமித்தது. இரண்டுக்கும் துணைப் பயிற்சியாளராக, உருதும் ஆங்கிலமும் அறிந்த முன்னாள் வீரர் அசார் மஹ்மூத் நியமிக்கப்பட்டார். மொழிச் சிக்கலுக்கு இது பொருத்தமான ஏற்பாடு.

ஜூனில் இருபது ஓவர் உலகக்கோப்பையில் அமெரிக்காவிடமும் இந்தியாவிடமும் தோற்று முதல் சுற்றிலேயே அணி வெளியேறியது. வங்கதேசம் டெஸ்ட் தொடரை 2–0 என வென்றது. அக்டோபரில் முல்தானில் 556 ஓட்டங்கள் எடுத்தும், இங்கிலாந்து 823 ஓட்டங்கள் குவித்ததால் இன்னிங்ஸ் தோல்வி. உடனே புதிய தேர்வுக்குழு அமைக்கப்பட்டது. பயிற்சியாளர்களுக்கு அணித் தேர்வில் இருந்த பங்கு பறிக்கப்பட்டது. புதிய குழு சுழற்பந்துக்கு ஏற்ற ஆடுகளங்களைத் தேர்ந்தெடுத்து, அந்தத் தொடரை 2–1 என வெல்ல வழி செய்தது. ஆனால் பயிற்சியாளருக்கு ஆட்ட நாளில் ஆலோசனை சொல்வதைத் தவிர வேறு வேலை இல்லாமல் போனது.

அக்டோபர் 28 அன்று கிர்ஸ்டன் விலகினார். அவர் பொறுப்பில் இருந்த ஆறு மாதங்களில் பாகிஸ்தான் ஓர் ஒருநாள் ஆட்டம்கூட ஆடவில்லை. டிசம்பரில், தம் உதவியாளர் டிம் நீல்சனின் ஒப்பந்தம் நீட்டிக்கப்படாத நிலையில், தென்னாப்பிரிக்கத் தொடருக்கு முன் கில்லெஸ்பியும் விலகினார். இதே கிர்ஸ்டன் 2008 முதல் 2011 வரை இந்திய அணியின் பயிற்சியாளராக இருந்து உலகக்கோப்பை வெல்ல உதவியவர். இந்திய ஓய்வறையிலும் மொழிகள் பல. அங்கே அவருக்கு மூன்று ஆண்டுகளும் நிலையான பொறுப்பும் கிடைத்தன.

மதிப்பீடு

இந்த வரலாற்றிலிருந்து மூன்று செய்திகள் தெளிவாகின்றன. முதலாவது, மொழித் தடை உண்மையானது. அதன் சுமை பெரும்பாலும் வீரர் மீதே விழுகிறது. ஆங்கிலம் தெரியாத வீரர் அறிவு குறைந்தவராகக் கருதப்படுகிறார்; உருது தெரியாத பயிற்சியாளரை யாரும் அப்படிக் கருதுவதில்லை. அஜ்மலுக்கு நேர்ந்தது இதன் கடுமையான வடிவம்.

இரண்டாவது, அணியை உடைத்த பெரும் பூசல்களில் பல ஒரே மொழி பேசியவர்களுக்கு இடையே நடந்தவை. 1982, 2010, 2011, 2016, 2020 ஆகிய ஆண்டுகளின் நிகழ்வுகள் இதைக் காட்டுகின்றன. அவற்றின் மையத்தில் இருந்தவை அணியை யார் தேர்ந்தெடுப்பது, யார் சொல் இறுதியானது, தோல்விக்கு யார் பொறுப்பு என்ற கேள்விகள்.

மூன்றாவது, மொழி இடைவெளியைக் கடக்கக் காலம் வேண்டும். பாகிஸ்தான் கிரிக்கெட் வாரியத்தின் புரவலர் நாட்டின் பிரதமர். ஆட்சி மாறும்போது வாரியத் தலைமையும் மாறுவது வழக்கம். 2022 டிசம்பருக்கும் 2024 பிப்ரவரிக்கும் இடையே மட்டும் ரமீஸ் ராஜா, நஜம் சேத்தி, ஜக்கா அஷ்ரஃப், மொஹ்சின் நக்வி என வாரியம் நான்கு தலைவர்களைக் கண்டது. தலைவர் மாறினால் பயிற்சியாளரும் மாறுவார் என்பதை வீரர்கள் அறிவர். ஆறு மாதத்தில் போய்விடக்கூடிய ஒருவரிடம் தம் அச்சத்தையும் காயத்தையும் சொல்ல எந்த மொழியிலும் ஒருவர் தயங்குவார்.

இரு மொழியும் அறிந்த துணைப் பயிற்சியாளரும், பேட்டிகளில் தாய்மொழியில் பேசும் உரிமையும், வீரர்களுக்கான ஆங்கில வகுப்புகளும் பயன் தரக்கூடியவை. ஆனால் பயிற்சியாளரின் அதிகார எல்லை எழுத்தில் வரையறுக்கப்பட்டு, ஒப்பந்தக் காலம் முழுவதும் மதிக்கப்படாத வரை, இந்த ஏற்பாடுகளால் பூசல்கள் குறையப் போவதில்லை.